கம்பெனி உதவியில் சொந்த வீடு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானூர்ப் பக்கம் போனாலும் சரி, திசையன்விளைப் பக்கம் போனாலும் சரி, வீட்டுத் திட்டம் பற்றிக் கூட்டம் போட்டால் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதுதான் “அண்ணாச்சி, ஒரு நிமிஷம்” என்று ஓரமாகக் கூப்பிடுவார்கள். உண்மையான கேள்வி அங்கேதான் வரும். கம்பெனிகள் தரும் பணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் தொண்டு அமைப்புகளோடு பல வருஷமாகக் களவேலை பார்க்கிறவன் நான். அப்படி ஓரமாகக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கம்பெனி வீடு கட்டித் தருகிறது என்கிறார்களே, முழுக்க இலவசமா?

பெரும்பாலும் இல்லை. இது பல கைகள் சேர்ந்து தூக்குகிற வேலை. கம்பெனி பணமோ பொருளோ தருகிறது. தொண்டு நிறுவனம் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, இன்ஜினியரை வைத்து, கணக்கு எழுதி வேலையை நடத்துகிறது. குடும்பம் இடத்தையும் உழைப்பையும் தருகிறது. சில திட்டங்களில் வட்டியில்லாத சிறு தவணையும் கட்டுகிறது. நம் பக்கத்தில் அநேகமாக அரசு வீட்டுத் திட்டப் பணமும் இதோடு சேரும்.

பேரிடர் காலம் வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அரசு இடம் ஒதுக்க, தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் மாவட்ட ஆட்சியரோடு ஒப்பந்தம் போட்டு வீடுகளைக் கட்டிக் கொடுத்தன. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன குடும்பத்திடம் தவணை கேட்பது தர்மம் ஆகாது. சாதாரண நாளில் மட்டும் குடும்பத்தின் பங்கு ஒன்று இருக்கவேண்டும் என்பது என் கட்சி. காரணம் கீழே வரும்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? சும்மா தருவார்களா?

இதைக் கேட்பதில் தப்பே இல்லை. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். சி.எஸ்.ஆர். பணம் என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல் உண்டு. கிராம மேம்பாடு, குடிசைப் பகுதி மேம்பாடு, பேரிடருக்குப் பிந்தைய மறுகட்டுமானம் எல்லாம் அதில் வருவதால் வீட்டுத் திட்டத்துக்கு வழி இருக்கிறது. கம்பெனி தன் சொந்த ஊழியர்களுக்குச் செய்துகொள்வது கணக்கில் சேராது. இன்னொன்று நமக்கு முக்கியம்: கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காற்றாலையோ சிமெண்ட் ஆலையோ இருந்தால், போய்க் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. கூச்சப்படாமல் ஊராட்சி வழியாக எழுதிக் கேளுங்கள்.

இந்த மாதிரி கூட்டு முயற்சி எங்கே ஆரம்பித்தது?

உலகம் முழுக்கப் பேர் தெரிந்தது ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு அமைப்பு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில் 1976இல் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கியது. ஃபுல்லர் இளம் வயதிலேயே பெரும் பணம் சம்பாதித்த வக்கீல். அத்தனையையும் விட்டுவிட்டு, கொய்னோனியா என்ற பண்ணைச் சமூகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கிளாரன்ஸ் ஜார்டன் என்பவரோடு உட்கார்ந்து பேசிப் பேசி உருவானதுதான் இந்த யோசனை: லாபம் வைக்காமல் வீட்டைக் கட்டு, வட்டி வாங்காமல் தவணையை வாங்கு, அந்தத் தவணையைப் போட்டு அடுத்த வீட்டைக் கட்டு. நம் ஊர் ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் இன்று கட்டும் பணம் நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குச் செங்கலாகிறது.

இந்தியாவுக்கு அது 1983இல் வந்தது. முதலில் தொடங்கிய இடம் அன்றைய ஆந்திராவின் கம்மம். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984இலிருந்து வருஷாவருஷம் சுத்தியலோடு இந்த வேலைக்குப் போனவர். 2006இல் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கம் வந்து, தொண்டர்களோடு நூறு வீட்டு வேலையில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 82.

அதில் கம்பெனிகள் என்ன செய்தன?

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் விற்கிற வேர்ல்பூல் கம்பெனி நமக்குத் தெரிந்த பேர். 1999இல் அவர்கள் ஹேபிடேட்டோடு சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹேபிடேட் கட்டும் ஒவ்வொரு புது வீட்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சமையல் அடுப்பு. அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதை ஒரு வருஷ விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, வருஷக்கணக்கில் தொடர்ந்தார்கள். டவ் என்ற ரசாயனக் கம்பெனி ஹேபிடேட்டோடு சேர்ந்தது இன்னும் முன்னால், 1983இல்.

கொடுக்கிற பொருளை விட, அது வரும் என்ற நிச்சயம் பெரிசு. கொத்தனார் சமையலறை மேடை போடும்போதே அடுப்பு இந்த அளவு என்று தெரியும். எலெக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட் வைக்கும்போது ஃபிரிட்ஜ் எங்கே நிற்கும் என்று தெரியும். குடும்பம் அந்தச் செலவைத் தன் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். ஒரு வருஷம் பத்து வீட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு அடுத்த வருஷம் தலைகாட்டாமல் போகிற கம்பெனியை விட, வருஷாவருஷம் ஒரே ஒரு பொருளைத் தவறாமல் தருகிற கம்பெனிதான் எனக்குப் பெரிசு. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்து நான் கண்டது இதுதான். காசு கிடைத்துவிடும், கூடவே நிற்கிற ஆள் கிடைப்பதுதான் அரிது.

நம் சீமையில் கம்பெனி வீடு கொடுத்ததே இல்லையா?

கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு மாதிரி. பாபநாசத்துத் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் வந்தது 1880களில். இந்தியா சிமெண்ட்ஸ் 1946இல் தொடங்கப்பட்டு, தாழையூத்தில் 1949இல் ஆலை ஓட ஆரம்பித்தது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் சங்கர் நகர். மில் வீடு, குவார்ட்டர்ஸ், லைன் வீடு என்று நம் தாத்தாமார் சொன்னதெல்லாம் வேலையோடு வரும் வீடு. வேலை இருக்கும் வரைக்கும் கூரை.

மாஞ்சோலையை நினைத்துப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். 2024இல் அங்கே வேலை நின்றபோது, தலைமுறை தலைமுறையாக லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் முன்னால் வந்து நின்ற கேள்வி, “இனி எங்கே குடியிருப்பது?” என்பதுதான். மணிமுத்தாறு மலையை விட்டு இறங்கிய குடும்பங்களை நினைக்கும்போதெல்லாம், வீட்டுத் திட்டத்தில் பட்டாவுக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறோம் என்பது எனக்கு மறுபடி புரியும். கம்பெனி உதவலாம், வீடு குடும்பத்தின் பேரில் இருக்கவேண்டும்.

ஊரோடு நீண்ட காலம் நிற்பதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு முகம் உண்டு. டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் திருக்குறுங்குடிக்காரர். அந்தக் குழுமத்தின் ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996இல் தொடங்கியது. திருக்குறுங்குடி வட்டாரத்திலும் கிராம வளர்ச்சி வேலை செய்கிறது. அவர்கள் முதன்மையாக வீடு கட்டுகிறவர்கள் இல்லை. ஊரை விட்டுப் போகாமல் வேலை செய்வதற்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

அரசுதான் வீடு தருகிறதே, அப்புறம் கம்பெனி எதற்கு?

நல்ல கேள்வி. நான் அதிகம் பேச விரும்புவதும் இதைத்தான்.

முதலில் அரசு தருவது என்ன என்று பார்ப்போம். 2016இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. குறைந்தது 25 சதுர மீட்டர். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு மேலும் பணம் சேர்க்கிறது. அப்புறம் கலைஞரின் கனவு இல்லம். 2030க்குள் கிராமங்களில் 8 லட்சம் குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு என்று அறிவித்து, 2024-25இல் முதல் கட்டமாக ஒரு லட்சம் வீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்றரை லட்சம் என்று தொடங்கினார்கள். வீடு 360 சதுர அடி.

நல்ல திட்டங்கள். குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஓலைக்குள் பாம்பு வரும் என்று பயந்து கிடந்த எத்தனையோ பேர் இன்று கான்கிரீட்டுக்குக் கீழே தூங்குகிறார்கள். ஆனால் பணம் கட்டம் கட்டமாக வரும். பேஸ்மட்டம் எழும்பியபின் ஒரு தொகை, அடுத்த மட்டத்துக்கு ஒரு தொகை என்று. ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் கைக்காசு போட்டு முடித்தால்தான் ஓவர்சியர் வந்து அளந்து எழுதுவார். கைக்காசு இல்லாத வீட்டில்தான் சிக்கல்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். லிண்டல் மட்டத்தில் நின்ற சுவர். மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருப்பிடித்து, இரண்டு மழையோடு இறங்கிச் சுவரில் பழுப்பாகக் கோடு போட்டிருந்தது. வாசலுக்கு நிலை வைக்கவில்லை. பழைய சேலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே, நாலு சுவருக்கு நடுவில், பனையோலைச் சாய்ப்பு ஒன்று. அதற்குள் அடுப்பு, இரண்டு பள்ளிக்கூடப் பை, ஒரு தையல் மிஷின். அந்த மதினி சொன்னார்: “முன்ன வெறும் குடிசையில இருந்தோம். இப்பம் சுவரு வச்ச குடிசையில இருக்கோம். கூட, வட்டி வேற.”

அந்த வட்டிதான் ஆளைக் கொல்வது. கூரை போடக் கையில் இல்லாமல் கந்துவட்டிக்கோ வாரக் குழுக் கடனுக்கோ போனால், வீடு முடியும்போது குடும்பம் முடிந்துவிடும். கம்பெனிப் பணம் இங்கேதான் வந்து நிற்கவேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். புது வீடு பத்து கட்டிப் போட்டோ எடுப்பதை விட, பாதியில் நிற்கிற நாற்பது வீட்டுக்குக் கூரையும் கதவும் போடுவது மேல். திறப்பு விழாவுக்கு அது அழகாக இருக்காது. ஆனால் அந்த ஊரில் நாற்பது குடும்பம் அந்த ஐப்பசியில் நனையாமல் தூங்கும். அரசுப் பணம் வரும் வரைக்கும் கைமாற்றாகப் பணத்தைத் தந்து, தவணை வந்ததும் திருப்பி வாங்கி, அதை அடுத்த வீட்டுக்குச் சுற்றவிட்டால் அதே பணம் பல கூரையைப் போடும். வருஷக்கணக்கில் நிற்கத் தயாரான கம்பெனிக்கு இதை விட நல்ல வேலை கிடையாது.

எங்களுக்குப் பட்டாவே இல்லை. என்ன செய்வது?

முதலில் உங்கள் இடம் எந்த வகை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நத்தமாக, அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலமாக இருந்தால் வழி சுலபம். ஓடை, குளத்து உள்வாய், மேய்க்கால் என்று இருந்தால் அங்கே வீடு கட்ட யாரும் பணம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அந்த மாதிரி இடத்தில் இருப்பவர்கள் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுக் கொடுங்கள். மனுவைத் தனியாளாகக் கொடுக்காமல் தெருவாகச் சேர்ந்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். அப்பா பேரில் பட்டா இருந்து அண்ணன் தம்பி பிரிக்காமல் இருந்தால், பாகம் பிரித்து உட்பிரிவு செய்த பிறகுதான் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டவேண்டும். சம்மதம் வாய்மொழியாகப் போதும் என்று தொடங்கி, நிலை வைக்கிற அன்று சண்டை வந்து நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு யார் பேரில் இருக்கும்?

கணவன், மனைவி இருவர் பேரிலும். சுனாமி வீடுகளிலேயே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். மனைவி பேரில் மட்டும் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான். குடித்துவிட்டு அடமானம் வைக்கப் போகிற கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்து தடையாக நிற்கும்.

நாங்களும் வேலை செய்யவேண்டுமா? கூலிக்குப் போகிற நாளை விட்டுவிட்டு எப்படி வருவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவரைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று ஒரு தொண்டர் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சோறு போச்சு.

ஹேபிடேட் மாதிரி அமைப்புகள் குடும்பத்தின் உழைப்பைப் பங்காகக் கேட்கின்றன. அமெரிக்காவில் சில நூறு மணி நேரம் கூட வரும். நம் ஊரில் அதை அப்படியே வைக்க முடியாது. நாங்கள் செய்வது இது: வானம் தோண்டுவது, செங்கல் இறக்குவது, மண் நிரப்பி இடிப்பது, தண்ணீர் ஊற்றுவது இந்த நாலையும் குடும்பத்துக்கு விடுவோம். அதையும் ஞாயிற்றுக்கிழமையிலும் சாயங்காலத்திலும் செய்யலாம். அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து வந்தால் அதையும் கணக்கில் எழுதுவோம். கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் சம்பளம் திட்டத்திலிருந்து போகும். 2016 திட்டத்தில் அரசே, பயனாளியின் உழைப்புக்கு நூறு நாள் வேலையில் 90 நாள் கூலி என்று வழி வைத்தது. சொந்த வீட்டு வேலைக்கும் கூலி உண்டு என்று ஏற்றுக்கொண்ட நல்ல ஏற்பாடு அது.

தண்ணீர் ஊற்றுவதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கான்கிரீட் தளம் போட்ட மறுநாளிலிருந்து மேலே மண்ணில் பாத்தி கட்டி, குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிற்கவேண்டும். சுவருக்கும் ஒரு வாரம் நனைப்பு வேண்டும். கான்ட்ராக்ட்காரர் மூன்றாம் நாளே மறந்துவிடுவார். மானூர்ப் பக்கம் ஓர் ஆச்சி, கோணிச்சாக்கை நனைத்துத் தூணைச் சுற்றிக் கட்டி, விடிகாலை, உச்சி, பொழுது சாய என்று மூன்று வேளையும் செம்பால் மொண்டு ஊற்றுவார். பேரனைத் தொடக்கூட விடமாட்டார். “புள்ளைக்குத் தண்ணி ஊத்துத மாதிரி ஊத்தணும்ல” என்பார். அந்த வீட்டுத் தூணில் இன்று வரை ஒரு கீறல் கிடையாது. குடும்பத்தின் பங்கு இருக்கவேண்டும் என்று மேலே சொன்னேனே, காரணம் இந்த ஆச்சிதான். அந்தக் கவனத்தைக் கூலிக்கு வாங்க முடியாது.

எங்கள் ஊர் கரிசல் மண். பக்கத்து வீடெல்லாம் கீறல் விடுகிறது. எங்களுக்கும் அப்படி ஆகுமா?

மண்ணைப் பார்க்காமல் ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு வந்தால் ஆகும். சென்னையிலோ மும்பையிலோ இருந்து வருகிற கம்பெனி அதிகாரிகளோடு எனக்கு அதிகம் வாதம் நடப்பது இந்த இடத்தில்தான். நெல்லைச் சீமையில் மண் நாலு விதம், வீடும் நாலு விதமாகத்தான் நிற்கும்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். அப்படி மண் மூச்சு விடும்போது சுவர் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிழியும். அங்கே வெடிப்பு போகிற ஆழத்துக்கும் கீழே தோண்டவேண்டும். கரிசலை வெளியே தள்ளிவிட்டுச் சரளும் மணலும் போட்டு இடிக்கவேண்டும். பேஸ்மட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் கட்டாயம். மண் ரொம்ப மோசமாக இருந்தால், அடியில் குடம் போல விரிந்த குத்துத் தூண் அஸ்திவாரம் இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்காக வளர்த்த முறை. வீட்டைச் சுற்றி இரண்டடிக்குச் சிமெண்ட் ஓரம் போட்டு, குளியல் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்காமல் வெளியே விட்டுவிட்டால் பாதிக் கீறல் வராது.

தேரி என்னும் செம்மணல் வேறு கதை. மணல் நிற்காது, ஓரம் சரியும். அகலமான அஸ்திவாரம் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கவேண்டும். உவரி, கூட்டப்புளி மாதிரிக் கடலோரத்தில் எதிரி உப்பு. கடல்மணலைத் தொடக்கூடாது, உப்புத் தண்ணீரில் கலவை குழைக்கக்கூடாது, கம்பிக்கு மேல் கான்கிரீட் மூட்டம் கனமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சில வருஷத்திலேயே கம்பி துருப்பிடித்து ஊதி, கூரை பெயர்ந்து விழும்.

தாமிரபரணிக் கரையில் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கே வரை தண்ணீர் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்த அடையாளத்துக்கு மேலே பேஸ்மட்டத்தை ஏற்றிக் கட்டுங்கள். செலவு கூடும் என்று கம்பெனி சொன்னால், வீட்டு எண்ணிக்கையில் இரண்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. நாகர்கோவிலைத் தாண்டினால் திருவனந்தபுரம்; அங்கேதான் லாரி பேக்கர் வாழ்ந்தார். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர். செங்கலைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். ஒன்பது இஞ்சுச் சுவரில் ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் மிச்சம். பொந்தில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். சித்திரை வெயிலுக்கு அதுவே பெரிய உபகாரம். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய நாட்டு ஓட்டையோ மங்களூர் ஓட்டையோ பதித்துக் கான்கிரீட்டைக் குறைப்பது இன்னொரு முறை.

ஆனால் கொத்தனாருக்குப் பழக்கம் இருக்கவேண்டும். பழகாத கையில் விட்டால் பொந்துக்குள் கலவை விழுந்து, மிச்சமாகிற காசு அங்கேயே போய்விடும். ஒரு வட்டாரத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வீடு கட்டும் திட்டம் என்றால், முதல் வருஷத்தில் நாலு கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்குச் செலவழிக்கலாம். ஒரு வருஷத் திட்டத்தில் அது நடக்காது.

எந்த மாசம் தொடங்கலாம்?

தை பிறந்ததும் வானம் தோண்டினால், கார்த்திகை அடைமழை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தளம் போட்டுவிடலாம். ஆடியில் தொடங்குவதைச் சாஸ்திரத்துக்காகத் தவிர்க்கிறார்கள். பணகுடி, வள்ளியூர்க்காரர்களுக்கு அந்தக் காற்றே போதுமான காரணம். கம்பெனி நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், பிப்ரவரியில் அவசர அவசரமாகச் செலவழிக்கச் சொல்லி வருவார்கள். அந்த அவசரத்துக்கு ஆடாதீர்கள்.

தவணை கட்ட முடியாவிட்டால் வீட்டைப் பிடுங்குவார்களா?

நல்ல அமைப்பு உட்கார்ந்து பேசும், காலம் தரும். தவணை உள்ள திட்டமா என்பதையும், தவறினால் என்ன செய்வார்கள் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் தமிழில் எழுதித் தரச்சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேர் சேர்க்கப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். எந்த உண்மையான திட்டத்திலும் பேர் சேர்க்கக் காசு கிடையாது.

நடுவில் கம்பெனி விட்டுவிட்டுப் போனால்?

போயிருக்கிறார்கள். ஒரு முறை முப்பது வீடு என்று பேசித் தொடங்கி, பதினொன்றாவது வீட்டோடு பணம் நின்றது. அந்த ஊர்ப் பக்கம் ஒரு வருஷம் என்னால் தலைநிமிர்ந்து போக முடியவில்லை. பேர் சொல்லிப் பயனில்லை. அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

சட்டப்படி, நீண்ட திட்டம் என்று அறிவித்தால் தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷம் வரை ஒரே திட்டமாக நடத்தலாம். அந்த வருஷம் செலவாகாத பணத்தையும் தனிக் கணக்கில் போட்டு அதே திட்டத்துக்கு வைக்கவேண்டும். ஆகவே வருஷ ஒப்பந்தம் போடாமல், அந்த முழுக் காலத்துக்கும் போடச்சொல்லிக் கேட்கலாம். நடத்துகிற தொண்டு நிறுவனம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்த எண் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலே, முப்பது வானத்தையும் ஒரே நாளில் தோண்டாதீர்கள். கையில் இருக்கிற பணத்துக்கு ஆறு வீட்டைத் தொடங்கி, ஆறையும் சாவி கொடுத்து முடித்துவிட்டு ஏழாவதைத் தொடுங்கள். கம்பெனி போனாலும் ஆறு குடும்பம் வீட்டுக்குள் இருக்கும், பாதிச் சுவர் ஒன்று கூட நிற்காது.

அப்புறம், அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்தத் திட்டத்தில் மனசு வைத்தவர் ஊர் மாறிப் போனதும் புதியவருக்கு உங்கள் ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளிதான். அதனால் பால் காய்ச்சுக்கு மட்டும் கூப்பிடாமல், அடுத்த பொங்கலுக்கும் கூப்பிடுங்கள். கூரை ஒழுகுகிறதா, கழிவறை புழக்கத்தில் இருக்கிறதா, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அவர்களே பார்க்கட்டும்.

வீட்டின் முன்னால் கம்பெனி பேர்ப் பலகை வைக்கவேண்டுமா?

வைக்கச் சொல்வார்கள். உதவினவர் பேர் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் வாசல் நிலைக்கு மேலே, பெரிய எழுத்தில், வேறு யாரோ பேரோடு ஒரு குடும்பம் காலமெல்லாம் குடியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ‘நீ அந்தக் கம்பெனி வீட்டுப் பிள்ளையா’ என்று பேர் விழும். நாங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம்: சின்னக் கல், வருஷம், பேர், சுவரின் ஓரத்தில்.

களக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில், வாசலுக்கு மேல் பூசிய சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே அந்த வீட்டம்மா தன் பேரையும் தேதியையும் ஆணியால் கீறி வைத்துவிட்டார். எழுத்து கொஞ்சம் கோணல். கம்பெனியின் கல், திண்ணைக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பால் காய்ச்சிய அன்று வந்த அதிகாரி முதலில் மேலே இருந்த பேரை வாய்விட்டுப் படித்தார். பிறகு “உள்ளே வரலாமாம்மா?” என்று கேட்டுவிட்டு, செருப்பைப் படியில் கழற்றிப் போட்டார்.